மூடிய கிரவல் குழிக்குக் கீழே குளம் இருந்தால்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருகோணமலை மாவட்டத்தில் தெரு போட்டாலும் குளக்கட்டு உயர்த்தினாலும் வீட்டுத்திட்டம் வந்தாலும் முதலில் தேடுவது கிரவலைத்தான். கந்தளாய், தம்பலகாமம், குச்சவெளி, மொறவெவ என்று மேட்டுக்காணியில் சிவப்பு மண் கிடக்கிற இடமெல்லாம் பெக்கோ இறங்கும். சில வருடத்தில் அனுமதிக் காலம் முடியும். குழியை நிரவி, மேலே கொஞ்சம் மண் பரப்பி, புல்லோ மரக்கன்றோ வைத்து, "மீளமைத்தாயிற்று" என்று ஒரு கடிதம் வரும். அடுத்த மாரியில் கீழே உள்ள சிறுகுளத்துக்குள் கலங்கல் தண்ணீர் வந்து நிற்கும். கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் ஒருவர் "அந்தக் குழிதான் காரணம்" என்பார். இன்னொருவர் "அதைத்தான் மூடியாச்சே" என்பார். கூட்டம் அதோடு கலையும்.

அந்தக் கூட்டத்தில் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கிறவருக்காக இதை எழுதுகிறேன். பொறியியல் படித்திருக்கத் தேவையில்லை. ஒரு கோடையும் ஒரு மாரியும் கண் திறந்து நடக்கத் தயாராக இருந்தால் போதும்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மூடிய குழி கீழுள்ள குளத்தை இரண்டு வழியில் தாக்கும். ஒன்று, குழியின் மண்ணே கரைந்து வருவது. மற்றது, குழியிருந்த நிலம் முன்னைப்போல மழையைக் குடிக்காததால் கூடுதல் தண்ணீர் வேகமாக வந்து, இடையில் உள்ள வாய்க்காலின் கரையை அரித்து, அந்த மண்ணைக் குளத்துக்குள் தள்ளுவது. எல்லோரும் முதலாவதைத்தான் தேடுவார்கள். இரண்டாவது கண்ணில் படாது, ஏனென்றால் குழி பச்சையாக இருக்கும், அங்கிருந்து வரும் தண்ணீரும் ஓரளவு தெளிவாகவே இருக்கும். எது நடக்கிறது என்று தெரியாமல் பரிகாரம் கேட்டால் தப்பான பரிகாரம்தான் கிடைக்கும்.

தேவையான சாமான்

மேசன்மார் மட்டம் பிடிக்கும் ஒளிபுகும் குழாய் 15 மீற்றர், ஒரு மீற்றர் நீளமான 10 மில்லிமீற்றர்க் கம்பி, இரு பக்கமும் வெட்டித் திறந்த பெரிய பால்மா டின் ஒன்று, ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல்கள், அழியாத மை பேனா, அளவு நாடா, கைப்பேசி. மழை அளக்கத் தனிக் கருவி வாங்க வேண்டாம். அடியும் வாயும் ஒரே அகலமான, தட்டையான அடியுள்ள ஏனம் ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, காலையில் அடிமட்டத்தில் இருந்து அளவுகோலால் அளந்தால் அதுவே மழைமானி.

தனியே போகாதீர்கள். விடியப்புறமும் பொழுதுபட்ட பிறகும் அந்த மேட்டுக்காடு யானைக்குச் சொந்தம். தண்ணீர் நிற்கும் பழைய குழிக்குள் இறங்கவே கூடாது. ஓரம் செங்குத்தாக இருக்கும், அடியில் சேறு, ஏறி வர முடியாது. மாரியில் வெறுங்காலோடு சேற்றில் நின்றால் எலிக்காய்ச்சல் பயமும் உண்டு.

படி 1: தண்ணீரின் பாதையை நடந்து பிடியுங்கள்

இதைக் கோடையில் செய்யுங்கள், ஆடி ஆவணி நல்ல காலம். முதலில் கைப்பேசியில் கூகுள் எர்த்தைத் திறந்து குழியையும் குளத்தையும் கண்டுபிடியுங்கள். கணினியில் திறந்தால் பழைய வருடங்களின் படங்களையும் பார்க்கலாம். குழி வெட்டமுன் அந்த இடத்தில் காடு எவ்வளவு இருந்தது, சிற்றோடை எந்தப் பக்கம் போனது, மூடிய பிறகு எந்தப் பக்கம் போகிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பல குழிகளில் இதிலேயே ஒரு விடயம் தெரிந்துவிடும்: முன்பு இரண்டு மூன்று பக்கம் பிரிந்து ஓடிய மழைத்தண்ணீர், நிரவிய பிறகு ஒரே மூலையால் வெளியேறும். அளவு கூடாவிட்டாலும் ஒரே வாயால் வந்தால் அந்த வாய்க்கால் தாங்காது.

பிறகு நடவுங்கள். குழியின் மிகத் தாழ்ந்த மூலையில் தொடங்கி, தண்ணீர் எப்படிப் போயிருக்கும் என்று பார்த்துக்கொண்டே குளம்வரை. வழியில் உள்ள ஒவ்வொரு மதகையும் குனிந்து பாருங்கள். மதகுக்குழாயின் அடியில் படிந்திருக்கிற மண்ணைக் கையில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று பருமணலும் சிறு கல்லும் இருந்தால் அது வேகமான தண்ணீர் கொண்டு வந்தது. வழவழவென்று விரலில் ஒட்டினால் மெல்ல ஓடிய தண்ணீர் விட்டுப் போனது. வாய்க்கால் கரையில் மருத மரத்தின் வேர் வெளியே தொங்குகிறதா, கரை புதிதாக இடிந்து பச்சை மண் தெரிகிறதா என்று பாருங்கள். வேர் தொங்கும் இடமெல்லாம் கைப்பேசியில் படம் எடுத்து, எங்கே என்று குறித்து வையுங்கள். என்னைக் கேட்டால், இந்தப் படங்கள்தான் பின்னால் வரும் எந்தக் கணக்கையும்விட அதிகாரிகளை அசைக்கும்.

வழியில் உள்ள பெரியவர்களிடம் பேசுங்கள். "மண் வருகுதா?" என்று கேட்க வேண்டாம், எல்லோரும் ஓம் என்றுதான் சொல்வார்கள். "ஐயா, மழை பெய்து எவ்வளவு நேரத்தில குளத்துக்குத் தண்ணி வரும்?" என்று கேளுங்கள். "முந்தி மழை விட்டு அடுத்த நாள்தான் தம்பி வரத்து வரும். இப்ப மழை விட முதலே வந்து நிக்குது" என்ற மாதிரிப் பதில் வந்தால், அது பெறுமதியான தகவல். மேட்டு மண் தண்ணீரைப் பிடித்து வைக்கவில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

படி 2: மண் குடிக்கிறதா?

இதுதான் முழு விடயத்தின் நடு. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் பக்கத்துச் செங்கபில மண் காய்ந்தால் இறுகும், நனைந்தால் ஒட்டும். காடு இருக்கும்வரை சருகும் வேரும் கறையானும் அதைத் துளைத்து வைத்திருக்கும், மழை இறங்கும். கிரவல் எடுக்கும்போது அந்த மேல்மண் முதலில் வழித்து ஒதுக்கப்படுகிறது. திரும்ப நிரவும்போது கல்லும் அடிமண்ணும் கலந்து வருகிறது. அதன்மேல் டோசர் போய் வருகிறது, டிப்பர் போய் வருகிறது. நிரவிய ஆளுக்கு மட்டமாக, இறுக்கமாக இருந்தால்தான் திருப்தி. வீடு கட்டும் அத்திவாரத்துக்கு அது நல்லதுதான். மழையைக் குடிக்க வேண்டிய நிலத்துக்கு அது கேடு.

இந்தப் பாடத்தை அமெரிக்கா பெரிய விலை கொடுத்துப் படித்தது. அங்கே நிலக்கரிக்காக மலைகளைத் திறந்து வெட்டியபோது நடந்த சேதத்தால் 1977 இல் மேற்பரப்புச் சுரங்கத்தைக் கட்டுப்படுத்தவும் நிலத்தை மீட்கவும் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். வெட்டிய நிலத்தை முன்பிருந்த வடிவத்துக்குக் கிட்டத்தட்டக் கொண்டுவர வேண்டும், சரிவு உறுதியாக இருக்க வேண்டும் என்றது சட்டம். சுரங்கக்காரர் கனரக இயந்திரங்களால் மண்ணை இறுக்கி, மேலே வேகமாக வளரும் புல்லைப் போட்டார்கள். சரிவு இடியவில்லை, பச்சையும் வந்தது. ஆனால் மரம் வளரவில்லை. மழை உள்ளே இறங்காமல் மேலால் ஓடியது. கென்டக்கி, மேற்கு வர்ஜீனியா பக்கத்து ஆய்வாளர்கள் பின்னர் சொன்ன திருத்தம் எளியது: மேல் 4 அடி மண்ணை இறுக்காமல் கொட்டியபடி விடுங்கள், மட்டம் பிடிப்பதைக் குறையுங்கள், மரத்தை நடுங்கள். கரடுமுரடாகத் தெரிகிற நிலம்தான் தண்ணீரைப் பிடிக்கிறது.

அங்கிருந்து கற்ற இன்னொன்றும் இங்கே பொருந்தும். புல் பிடித்துக்கொண்டால் ஓரிரு மாரியிலேயே குழியிலிருந்து வரும் மண் வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் இறுகிய மண் தளர்ந்து மழையைக் குடிக்கத் தொடங்குவதற்குப் பல வருடம், சில இடங்களில் பத்துப் பதினைந்துக்கு மேலும் ஆகும். அதாவது கலங்கல் நின்ற பிறகும் கூடுதல் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். பச்சையைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான்.

சரி, சோதிப்பது எப்படி? முதல் நல்ல மழை பெய்து இரண்டு நாள் கழித்து, ஈரம் இருக்கும்போது போங்கள். கம்பியைக் கையால் அழுத்துங்கள். பக்கத்துக் காட்டில் முழங்கால் அளவு இறங்கும் கம்பி குழி நிலத்தில் ஒரு சாண்கூட இறங்காமல் நின்றால் மண் இறுகியிருக்கிறது. கல்லில் முட்டியிருக்கலாம் என்பதால் ஒரு இடத்தில் பார்த்து முடிவு சொல்லாதீர்கள். பத்துப் பன்னிரண்டு இடம் குத்துங்கள்.

அடுத்து டின். அதை 5 சென்ரிமீற்றர் மண்ணுக்குள் தட்டி இறக்குங்கள். ஒரு தரம் தண்ணீர் ஊற்றி மண்ணை நனைத்து, அது வற்றிய பிறகு மறுபடி 5 சென்ரிமீற்றர் உயரத்துக்கு ஊற்றி நேரத்தைப் பாருங்கள். அந்தத் தண்ணீர் ஒரு மணித்தியாலத்தில் வற்றினால், மணிக்கு 50 மில்லிமீற்றர் மழையை மண் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். ஐந்து மணித்தியாலம் எடுத்தால் மணிக்கு 10 மில்லிமீற்றர்தான். அதற்கு மேல் கொட்டுவதெல்லாம் ஓடும். டின்னுக்கு அடியில் தண்ணீர் பக்கவாட்டிலும் பரவும், ஆகவே இந்த எண்ணை அப்படியே நம்பாமல், அதே நாளில் பக்கத்துக் காட்டு மண்ணிலும் செய்து ஒப்பிடுங்கள். ஒப்பீடுதான் தேவை.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், கணக்குப் போட்டுப் பாருங்கள். குழி 5 ஏக்கர், ஏறத்தாழ 2 ஹெக்டயர். மணிக்கு 60 மில்லிமீற்றர் வேகத்தில் மழை கொட்டுகிறது. மாரியில் இது அபூர்வமல்ல. விழுகிற மழை முழுவதும் ஓடினால் செக்கனுக்கு ஏறத்தாழ 330 லீற்றர். நல்ல காடாக இருந்து பத்தில் மூன்று பங்கு மட்டும் ஓடினால் செக்கனுக்கு 100 லீற்றர். இறுகிய நிலமாகிப் பத்தில் ஏழு பங்கு ஓடினால் 230 லீற்றர். மழை அதே மழை, வாய்க்கால் அதே வாய்க்கால். தண்ணீர் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல். அந்த வாய்க்கால் தன்னை அகலப்படுத்தாமல் என்ன செய்யும்?

படி 3: சரிவும் வெளிவாயும்

குழாய்மட்டத்தால் சரிவை அளவிடுங்கள். இரண்டு பேர் 10 மீற்றர் இடைவெளியில் குழாயின் இரு முனையையும் பிடிக்க, தண்ணீர் மட்டத்துக்கும் நிலத்துக்கும் உள்ள உயரத்தை இருவரும் அளந்து கழித்தால் வீழ்ச்சி தெரியும். 10 மீற்றருக்கு அரை மீற்றர் என்றால் நூற்றுக்கு ஐந்து. சரிவு எவ்வளவு என்பதோடு, அது இடையில் எங்கும் முறியாமல் எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதையும் எழுதுங்கள். நீண்ட சரிவின் அடியில்தான் தண்ணீர் சேர்ந்து, விரல் அகலக் கீறலாகத் தொடங்கி, முழங்கால் ஆழ வெடிப்பாகும். கீறல் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று பார்த்தால், முதல் வரம்பு அதற்குக் கொஞ்சம் மேலே வர வேண்டும் என்று தெரியும்.

சில குழிகளை முழுக்க நிரவாமல் நடுவில் ஒரு குளம்போல விட்டுவிடுவார்கள். மாடு தண்ணி குடிக்கும் என்று ஊரும் விரும்பும். அது கெட்டதல்ல, மழைத்தண்ணீரைப் பிடித்து மெல்ல விடும், மண்ணையும் அமர வைக்கும். ஆனால் அதன் வரம்பு எதனால் ஆனது என்று பாருங்கள். இறுக்காமல் குவித்த மண் என்றால் நிரம்பும் நாளில் உடையலாம். கந்தளாய்க் குளக்கட்டு 1986 ஏப்ரல் 20 இல் உடைந்து நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன மாவட்டம் இது. கட்டு என்ற சொல்லை இங்கே யாரும் விளையாட்டாக எடுப்பதில்லை. மழையைக் குடிக்க வேண்டிய நிலம் இறுகக் கூடாது, தண்ணீரைத் தாங்கும் கட்டு இறுகியே இருக்க வேண்டும். இரண்டையும் மாற்றிச் செய்த இடங்களைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. நிரம்பிய தண்ணீர் வெளியேறக் கல் பதித்த ஒரு வான் இருக்கிறதா என்பதும் முக்கியம்.

படி 4: மாரியில் இரண்டு போத்தல்

திருகோணமலையில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஒக்டோபர் முதல் ஜனவரிக்குள் கொட்டிவிடும். அதனால் உங்களுக்குக் கிடைப்பது மிகக் குறுகிய காலம். முதல் இரண்டு மூன்று பெருமழையைத் தவறவிடாதீர்கள். கோடை முழுதும் தளர்ந்து கிடந்த மண் அப்போதுதான் அதிகம் வரும்.

மழை கொட்டும்போது, அல்லது விட்ட உடனே, இரண்டு இடத்தில் போத்தல் நிரப்புங்கள். முதலாவது, குழியின் வெளிவாயில். இரண்டாவது, வரத்து வாய்க்கால் குளத்துக்குள் விழும் இடத்துக்குச் சற்று மேலே. இரண்டும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் எடுத்தால் நல்லது, ஆகவே இரண்டு பேர் வேண்டும். வாய்க்காலுக்குள் இறங்க வேண்டாம். தடியின் நுனியில் போத்தலைக் கட்டிக் கரையில் நின்று எடுங்கள். இடம், திகதி, நேரம், மழைமானி அளவு நான்கையும் போத்தலில் எழுதுங்கள். எழுதாத போத்தல் குப்பை.

வீட்டில் குலுக்கி மேசையில் வையுங்கள். அரை நிமிடத்துக்குள் அடியில் விழுவது மணல். பத்து நிமிடத்துக்குள் விழுவது பரும் வண்டல். அடுத்த நாளும் பால்த்தேத்தண்ணி நிறத்தில் கலங்கி நின்றால் அது களி. தலைமயிரின் விட்டத்தைவிடப் பல மடங்கு சிறிய துகள்கள், ஒரு போத்தல் உயரம் இறங்கவே இரண்டு மூன்று நாள் எடுக்கும்.

இப்போது இரண்டு போத்தலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குழிப் போத்தல் கலங்கலாக, குளப் போத்தலும் அதே அளவு கலங்கலாக இருந்தால் மண் குழியிலிருந்து வருகிறது. குழிப் போத்தல் ஓரளவு தெளிவு, குளப் போத்தல் கலங்கல் என்றால் மண் வாய்க்கால் கரையிலிருந்து வருகிறது. குழி அனுப்பியது தண்ணீரைத்தான். நிறமும் உதவும்: குழியின் அடிமண் சிவப்பு அல்லது மஞ்சள் கலந்திருக்கும், வாய்க்கால் கரை மண் பெரும்பாலும் கறுப்பு அல்லது சாம்பல். இன்னொரு நிலையும் உண்டு. குழிப் போத்தல் கலங்கலாக, குளப் போத்தல் தெளிவாக இருந்தால் இடையில் உள்ள புல்வெளியோ சேற்றுநிலமோ வடிகட்டிக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தை யாரும் நிரப்பிக் காணி ஆக்கிவிடாமல் பாருங்கள்.

அளவு தெரிய வேண்டுமானால் இரண்டு வேலை. தண்ணீரின் அளவுக்கு, நேராக ஓடும் 10 மீற்றர்த் துண்டைக் குறித்து, ஒரு தேங்காய்ப் பொச்சுத் துண்டை மிதக்கவிட்டு செக்கனை எண்ணுங்கள். 10 செக்கன் எடுத்தால் மேற்பரப்பு வேகம் செக்கனுக்கு ஒரு மீற்றர். அடியில் வேகம் குறைவு என்பதால் 0.85 ஆல் பெருக்குங்கள். வாய்க்கால் 60 சென்ரிமீற்றர் அகலம், 20 சென்ரிமீற்றர் ஆழம் என்றால் செக்கனுக்கு ஏறத்தாழ 100 லீற்றர். மண்ணின் அளவுக்கு, ஒரு லீற்றர்த் தண்ணீரைத் தெளியவிட்டு மேல்தண்ணீரை மெல்ல வடித்து, அடிச்சேற்றைக் காயவைத்து, நகைக்கடைத் தராசு மாதிரியான சிறு தராசில் நிறுக்க வேண்டும். தெளிய நாளாகிறது என்றால் ஒரு சிட்டிகை படிகாரம் போடுங்கள். எங்கள் ஆச்சிமார் குடத்துக்குள் தேற்றாங்கொட்டை உரைத்ததும் இதற்குத்தான், அதுவும் வேலை செய்யும்.

லீற்றருக்கு 5 கிராம் என்று வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். செக்கனுக்கு 100 லீற்றர் ஓடினால் அரைக் கிலோ மண். ஒரு மணித்தியாலத்தில் 1,800 கிலோ. கிரவல் வாங்கும் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ அரைக் கியூப் (ஒரு கியூப் நூறு கன அடி) மண், ஒரே மணித்தியாலத்தில், ஒரே வாய்க்காலால். கூட்டத்தில் "நிறைய மண் வருது" என்று சொல்வதற்கும் இந்த வசனத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நீங்களே பார்ப்பீர்கள்.

படி 5: குளத்துக்குள்

சிறுபோகம் முடிந்து குளம் வற்றும்போது, வரத்து விழும் இடத்திலிருந்து கட்டை நோக்கி ஒரு வரிசையில் முதிரைக் கம்புகளை அடியுங்கள். நில மட்டத்தில் ஒரு ஆணி. அடுத்த கோடையில் ஆணிக்கு மேல் எவ்வளவு மண் என்று பாருங்கள். 5 ஏக்கர்க் குளத்தில் எங்கும் சமமாக ஒரு அங்குலம் படிந்தால் அது ஏறத்தாழ 180 கியூப். உண்மையில் சமமாகப் படியாது. மணல் வாயருகே திட்டாகும், களி, தண்ணீரைத் திறந்துவிடும் துருசுப் பக்கம்வரை போகும். வாயருகே திட்டு வளர்ந்தால் தண்ணீர் ஓரத்தால் சுற்றிவந்து கட்டின் ஒரு மூலையை அரிக்கத் தொடங்கும். கொள்ளளவு குறைந்த குளம் மாரியில் முன்கூட்டியே வான் பாயும், சிறுபோகத்தில் முன்கூட்டியே வற்றும். கீழே தம்பலகாமக் குடாவரை போகிற வாய்க்காலாக இருந்தால் மிச்சக் களி கண்டலுக்குள்ளும் மட்டி எடுக்கும் சேற்றிலும் போய்ப் படியும்.

படி 6: எதைக் கேட்பது

இங்கேதான் இரண்டு போத்தல் உதவுகிறது. தண்ணீர்தான் பிரச்சினை என்றால் முதலில் கேட்க வேண்டியது மண்ணைக் கிளறுவது. டோசரின் பின்னால் பூட்டும் கொழுவால், சரிவுக்குக் குறுக்காக, முடிந்தவரை ஆழமாக. கோடையில் மண் காய்ந்திருக்கும்போது செய்தால்தான் கட்டி உடையும். ஈரத்தில் கிளறினால் வழுவழுத்து மறுபடி மூடிக்கொள்ளும். கிளறிய பிறகு எந்த வாகனமும் ஏறக் கூடாது. பிறகு சம உயரத்தில் வரம்புகள், வரம்போரம் வெட்டிவேர், இடையில் சீமைக்கிளுவையும் ஊர்க் காட்டு மரமும். கினிப்புல்லை நான் விரும்புவதில்லை. வேகமாகப் பச்சையாகும், படத்துக்கு அழகு, ஆனால் ஆவணியில் ஒரு தீக்குச்சி போதும், மாரி வரும்போது நிலம் வெறுமை.

மண்தான் பிரச்சினை என்றால் பெரும்பாலும் ஒரு வண்டல் குளம் வெட்டித் தருவதாகச் சொல்வார்கள். ஆழமாக வெட்டினால் போதும் என்ற நினைப்பு எல்லோருக்கும் உண்டு. துகள் அடியில் அமர்வதை முடிவுசெய்வது பரப்பு. மேலே சொன்ன 5 ஏக்கர்க் குழியில் செக்கனுக்கு 230 லீற்றர் வரும்போது பரும் வண்டலைப் பிடிக்கவே ஏறத்தாழ 25 பேர்ச் (ஒரு ஏக்கர் 160 பேர்ச்) பரப்பு வேண்டும், அதுவும் தண்ணீர் அலையாமல் அமைதியாக ஓடினால். மிக நுண்ணிய களியைப் பிடிக்க 60 ஏக்கருக்கு மேல்! அது நடவாது. ஆகவே களியைப் பிடிக்கிற ஒரே வழி அது கிளம்பாமல் நிலத்தை மூடி வைப்பதுதான்: சருகு, வைக்கோல், புல். வண்டல் குளம் கட்டினாலும் ஒவ்வொரு கோடையும் தூர்வார யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்குங்கள். நிரம்பிய வண்டல் குளம் அடுத்த வெள்ளத்தில் சேர்த்ததையெல்லாம் ஒரே நாளில் கக்கும். வறண்ட வலயத்துப் பழைய குளத்தொகுதிகளில் குளத்துக்கு மேலே மண் பிடிக்கும் சிறு பள்ளமும் புல்வெளியும் விட்டிருப்பார்கள், அதே யோசனைதான்.

வாய்க்கால் கரை இடிகிறது என்றால் குறுக்கே சிறு கல்லணைகள். நடு தாழ்ந்து இரு ஓரமும் உயர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் ஓரத்தால் அரிக்கும். கீழ் அணையின் உச்சி மேல் அணையின் அடிக்குச் சமமாக வரும்படி இடைவெளி விடுங்கள். இந்த ஒன்றைத் தவறவிட்ட கல்லணைகள் மாவட்டம் முழுக்க உண்டு.

வேறு வகைக் குழிகளுக்கு இது அப்படியே பொருந்தாது. கல்குவாரியில் தண்ணீர் பாறைக் குழிக்குள்ளேயே நின்றுவிடும்; அங்கே பார்க்க வேண்டியது வெளியே குவித்திருக்கும் தூசும் சிறுகல்லும். மகாவலி ஓரத்து மணற்குழிகளில் குழிக்கும் ஆற்றுக்கும் இடையே அகலமான கரை விடாவிட்டால் வெள்ளத்தில் ஆறு குழிக்குள் பாய்ந்து திசை மாறலாம். புல்மோட்டைக் கனிய மணலில் மழை மேலால் ஓடுவதே குறைவு. அங்கே நிலத்தடி நன்னீரும் கரை மணலும்தான் கேள்வி.

படி 7: யாரிடம் போவது

நீர்ப்பாசனப் பரப்பு 80 ஹெக்டயருக்கு உட்பட்ட சிறுகுளம் என்றால் கமநல சேவை நிலையம்; அதற்கு மேல் நீர்ப்பாசனத் திணைக்களம். அகழ்வு அனுமதி 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள் மற்றும் கனியங்கள் சட்டத்தின்கீழ் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தால் கொடுக்கப்படுகிறது. சுற்றாடல் நிபந்தனைகளுக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபை. பிரதேச செயலகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் கடிதத்தின் பிரதி கட்டாயம் போகட்டும்.

முதலில் கேட்க வேண்டியது அந்தக் குழியின் அனுமதிப்பத்திர நிபந்தனைகளும் மீளமைப்புத் திட்டமும். கேட்டுத் தராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பியுங்கள். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். திட்டத்தில் மேல்மண் எத்தனை அங்குலம் என்று எழுதியிருக்கிறது, தரையில் எத்தனை அங்குலம் இருக்கிறது என்று கம்பியாலும் மண்வெட்டியாலும் பார்த்து ஒரு பக்கத்தில் எழுதி இணைத்துவிடுங்கள்.

விண்ணப்பத்தை மாசி பங்குனியில், மாரிப் போத்தல்களின் அளவு கையில் இருக்கும்போதே போடுங்கள். பதில் வந்து, கூட்டுக் களப் பார்வை நடந்து, டோசர் வந்து கிளறி முடிக்க ஆவணி ஆகிவிடும். புரட்டாதிக்குப் பிறகு வந்தால் வேலையை அடுத்த வருடத்துக்குத் தள்ளச் சொல்லுங்கள். கிளறிய மண்ணில் வேர் பிடிக்கமுன் பெருமழை விழுந்தால் நீங்கள் அளந்ததைவிட மோசமான போத்தல்தான் கிடைக்கும்.